மேடு இல்லாத மலை

“அக்கா, அந்த அட்டைய எடுங்க” என்றாள் அலமேலு.

நான் எடுக்கவில்லை. அது பழைய நாள்காட்டி ஒன்றின் பின்னட்டை. நடுவில் மடித்து, மேசையில் என் பக்கமாகக் கூடாரம்போல நிறுத்தியிருந்தேன். அதன் மறைவில் இரண்டு பகடைகள் கிடந்தன. ஒன்று இரண்டு காட்டியது, மற்றது ஒன்று. சற்று முன்புதான் நான், அலமேலுவின் பாத்திரத்தைப் பற்றி, “ஒம்பது விழுந்திருக்கு, தும்பி தப்பிச்சிட்டா” என்று அறிவித்திருந்தேன்.

அலமேலு எழுந்தாள். மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அட்டையைப் படுக்க வைத்தாள்.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி அறை அது. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் சூடான மை வாசனை படியேறி வரும். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் அந்த வாசனையும், கூட ஆடிய பாஸ்கர் வேர்க்கடலை மெல்லுவதை நிறுத்திய அமைதியும்தான் முதலில் திரும்பி வருகின்றன.

“மூணுக்கா” என்றாள் அலமேலு. குரலை உயர்த்தவில்லை. “ரெண்டும் ஒண்ணும் மூணு. இது எத்தினி வாரமா நடந்துகினு இருக்குது?”

பொய் சொல்லியிருக்கலாம். “அஞ்சு வாரமா” என்றேன்.

“அப்ப அஞ்சு வாரமா என்ன ஒப்புக்குச் சப்பாணியா வச்சிக்கினு ஆடியிருக்கீங்க.”

தெருவில் பிள்ளைகள் விளையாடும்போது, அழக் கூடாதே என்று சேர்த்துக்கொள்ளப்படும் ஒரு குழந்தை இருக்கும். அது பிடிபட்டாலும் பிடிபட்டதாகாது, ஜெயித்தாலும் ஜெயித்ததாகாது. அந்தக் குழந்தைக்கு நம் தெருக்கள் வைத்திருக்கும் பெயர் அது. ஊனத்தைப் பழிக்கும் சொல் என்பதால் நான் அதை வாயில் எடுப்பதில்லை. அன்றைக்கு அதைவிடப் பொருத்தமான வேறொரு சொல்லை என்னாலும் சொல்ல முடிந்திருக்காது.

அவள் தன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வினோத்தும் பாஸ்கரும் என்னைப் பார்த்தார்கள். நான் பகடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டுப் புள்ளி

நாங்கள் ஆடியதற்குக் கதையாட்டம் என்று பெயர் வைத்திருந்தோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். செய்வது பலிக்குமா என்ற ஐயம் வரும் இடத்தில் பகடை முடிவு செய்யும்.

வெளிநாடுகளில் இதற்கு அச்சடித்த தடித்த விதிநூல்கள் உண்டு. சமூகப் பணியில் முதுகலை படித்த காலத்தில் விடுதித் தோழி ஒருத்தியின் கைப்பேசியில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். நம் பிள்ளைகளுக்குப் புரியும்படி, நமக்குத் தெரிந்த நிலத்தில் நடக்கும்படி ஓர் ஆட்டத்தை நானே கட்ட வேண்டும் என்ற ஆசை அன்று பிடித்தது. ஒரு கோடு போட்ட நோட்டில் விதிகளை எழுதினேன். அந்த நோட்டைப் பற்றிப் பெருமையடிக்க எனக்குத் தயக்கமில்லை. ஏனென்றால் அதில் பாதிக்குமேல் இப்போது என் கையெழுத்தே இல்லை.

விதி எளியது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வலு, வேகம், அறிவு, பேச்சு என நான்கு குணங்கள். தொடக்கத்தில் எல்லாருக்கும் மொத்தம் எட்டுப் புள்ளி. எதில் எவ்வளவு என்பது அவரவர் விருப்பம். இரண்டு பகடைகளை உருட்டி, விழுந்த எண்ணோடு அந்தக் குணத்தின் புள்ளியைக் கூட்டினால் பத்தைத் தொட வேண்டும். தொட்டால் பலிக்கும்.

ஆடியவர்கள் மூன்று பேர். ரிஷிவந்தியம் பக்கத்துக் கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளையான வினோத், பொறியியல் முடித்துவிட்டு அப்பாவோடு நிலத்தில் நின்றவன். பாஸ்கர் கைப்பேசி பழுதுபார்ப்பவன். மாடி அறை அவனுடைய மாமாவுக்குச் சொந்தம். அலமேலு வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு மலையூரிலிருந்து வந்து, விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தவள். நான் வேலை பார்த்த தொண்டு அமைப்பின் சார்பில் அந்த விடுதிக்குப் போய்க்கொண்டிருந்தபோது பழக்கமானாள்.

பாஸ்கரின் மாமாவுக்கு முதல் வாரம் ஒரே கவலை. மேலே வந்து பகடையைப் பார்த்தவர், “காசு வெச்சி ஆடறதில்லியேம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப இன்னாத்துக்கு ஆடறீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனார். நல்ல கேள்வி. பதில் எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

வினோத்தின் பாத்திரம் இரும்பன். கவசம் பூண்ட குதிரைவீரன். பாஸ்கருடைய பாத்திரம் லேகியம் விற்கும் ஒரு புரட்டுக்காரன், பெயரே லேகியம்தான். அலமேலு, மலைக்கும் சமவெளிக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் ஒரு பெண்ணை உருவாக்கினாள். தும்பி என்று பெயரிட்டாள். வேகத்தில் நான்கு, அறிவில் மூன்று, பேச்சில் ஒன்று. வலு இல்லவே இல்லை.

மூன்று வழிகள்

சண்டையில் வென்றால் புள்ளி கூடும் என்று எழுதியிருந்தேன். இரண்டே மாதத்தில் இரும்பனின் வலு எட்டாகிவிட்டது. இரண்டு பகடைகளில் எவ்வளவு குறைவாக விழுந்தாலும் இரண்டு விழும். இரண்டும் எட்டும் பத்து. அதாவது, இரும்பன் தோற்கவே முடியாது.

கதவா, உடைப்பான். கொள்ளையரா, விரட்டுவான். “நான் போறன், வெட்டறன், வரன்” என்பான் வினோத். மற்ற இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “எங்களுக்கு டிக்கெட்டு போடுங்கக்கா, படம் பாக்கத்தான வந்திருக்கோம்” என்று பாஸ்கர் ஒருமுறை சொன்னான்.

வினோத்தைக் குறை சொல்ல முடியாது. அவன் ஏமாற்றவில்லை. நான் எழுதிய விதியை நான் படித்ததைவிடக் கவனமாகப் படித்தான், அவ்வளவுதான்.

நான் மூன்று வழிகளை எடைபோட்டேன். இரும்பனின் புள்ளிகளைக் குறைப்பது முதல் வழி. நேர்மையாகச் சேர்த்ததைப் பிடுங்கினால் விதிமேல் யாருக்கும் நம்பிக்கை இருக்காது. எதிரிகளை வலுவாக்குவது அடுத்தது. அப்படிச் செய்தால் இரும்பனுக்குச் சமமான எதிரியின் ஒரே அடியில் தும்பி செத்துப்போவாள். மீதமிருந்தது பலவீனமானவரைத் தூக்கிவிடுவது.

அதுதான் எனக்கு நியாயமாகப் பட்டது. நான் படித்த படிப்பும் அதைத்தான் சொன்னதாக எண்ணினேன். வன தேவதை ஒருத்தியைக் கதையில் தோன்றவைத்து, தும்பிக்கு ஒரு மந்திரக் காப்பு கொடுக்கச் செய்தேன். “எனக்கு இன்னாக்கா குடுப்பாங்க அந்தம்மா? ரேசன் கார்டா?” என்றான் பாஸ்கர். எல்லாரும் சிரித்தோம். அலமேலு சிரிக்கவில்லை, காப்பைத் தன் தாளில் எழுதிக்கொண்டாள்.

காப்பு போதவில்லை. எனவே, மறைந்து செல்பவளின் பகடையை நடத்துபவரே மறைவாக உருட்ட வேண்டும் என்று ஒரு புது விதி எழுதினேன். அட்டை வந்தது. விழுந்த எண் எதுவாக இருந்தாலும் தும்பி பிழைத்தாள்.

இதில் வெட்கப்பட எனக்கு ஒரு பழைய காரணமும் இருக்கிறது. மாணவியாகக் களப்பணிக்குச் சென்ற ஒரு விடுதியில் கேரம் போட்டி நடத்தினேன். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஐந்து புள்ளி கொடுத்தேன். அவர்கள் வென்றார்கள். கோப்பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு நேராகச் சாப்பிடப் போய்விட்டார்கள். பங்கேற்பு அதிகரித்தது என்று என் அறிக்கையில் எழுதினேன். கோப்பை அன்று மாலைவரை சன்னலிலேயே இருந்தது என்பதை எழுதவில்லை.

மாடிப்படியில்

அலமேலு கடைசிப் படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

“எனக்கு வாரத்துல ஒரு தபாதான் வெளிய உடுவாங்க, தெரியுமாக்கா? பத்துல இருந்து நாலு வரைக்கும். மத்ததுங்க எல்லாம் சினிமாவுக்குப் போவுதுங்க, வூட்டுக்குப் போன் பேசுதுங்க. நான் இங்க வரேன். நீ கதை கேக்கவாடி போறன்னு கிண்டல் பண்ணுதுங்க. இல்லடி, நான் ஆடப் போறேன்னு சொல்லிக்கினு வந்திருக்கேன்.”

அவளிடம் இருந்தது வாரத்துக்கு ஆறு மணி நேரம். அதை மூன்று மாதமாக என் மேசையில் வைத்திருக்கிறாள். நான் அதை நாடகமாக்கியிருக்கிறேன்.

“தும்பி பலவீனமா இருந்தா. அதனாலதான்…” என்று தொடங்கினேன்.

“தும்பி பலவீனமா இல்லக்கா. உங்க மேப்புதான் தப்பு.”

“மேப்பா?”

“உங்க மலையில மேடே இல்லியே. கோட்டையில இருந்து என் ஆளு ஊருக்கு ஆறு கட்டம். இரும்பன் குதிரையில ஒரே தாவுல ஆறு கட்டம் வந்துடறான். மூணு கட்டம்தான் நடக்கறா தும்பி. எந்த ஊருக்கா அது? எங்க ஊருக்கு ஒரு குதிரைய ஏத்திக் காட்டச் சொல்லுங்க அந்த வினோத்தண்ணாவ.”

மேலே சன்னலிலிருந்து வினோத், “ஏத்துவன்” என்றான். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

அலமேலு அண்ணாந்து பார்த்தாள். “குதிர வேணாம். உங்க ரெண்டு காலோட வாங்க, போதும். லீவுக்கு நான் ஊருக்குப் போறேன். வந்து நடந்து பாத்துட்டு அந்த மேப்ப எழுதுங்க. எழுதனப்புறம் ஒரு நாளு வந்து ஆடுவேன். அப்பவும் எனக்கு யாராச்சும் இரக்கம் காட்டுனா, அதோட நின்னுடுவேன்க்கா.”

எதிரே தெரிந்த வீடு

கச்சிராயபாளையம் தாண்டிப் பேருந்து மலையேறத் தொடங்கியதும் காதடைத்தது. வெள்ளிமலையில் இறங்கி, ஜீப் பிடித்து, அவள் சொன்ன திருப்பத்தில் இறங்கினோம். தலையில் பத்துக் கிலோ அரிசிப் பையோடு அலமேலு நின்றுகொண்டிருந்தாள்.

“அதோ பாருங்க, நீலத் தார்ப்பாய் போட்டிருக்குதே. அதான் எங்க வூடு.”

எதிர்ச்சரிவில் வீடு பளிச்சென்று தெரிந்தது. முற்றத்தில் கோழி மேய்வதுகூடத் தெரிந்தது.

“இதுக்குத்தான் இம்மா பில்டப்பா?” என்றான் வினோத். “பத்து நிமிசம்.”

நானும் மனத்துக்குள் அதையேதான் நினைத்தேன். இதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் மணலூர்பேட்டையில் வளர்ந்தவள். பெண்ணையாறு காய்ந்து கிடக்கும் மாதங்களில், மணலில் எவ்வளவு தொலைவில் நின்றாலும் எங்கள் வீட்டு ஆட்களைச் சேலை நிறத்தைக் கொண்டே கண்டுபிடித்துவிடுவோம். ஆற்றுத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளைகளை அப்படித்தான் தேடுவார்கள். கண்ணுக்குத் தெரிவது பக்கம், தெரியாதது தூரம். வரப்பில் நடந்து பழகிய கால்களுக்கு இந்த ஒரு கணக்குதான் தெரியும். மலையை வரையும்போதும் அந்தக் கணக்கையே கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஓர் ஓடை இருந்தது. அதுவரை இறங்க வேண்டும். பிறகு ஏற வேண்டும். இறங்கும்போதே நான் செடிகளைப் பிடித்துக்கொண்டேன். ஏற்றத்தில் கடுக்காய் மரங்களுக்கு இடையே பாதை வேர்களைப் படியாக்கிக்கொண்டு மேலே போயிற்று. வினோத் கரும்புக் கட்டு தூக்குகிறவன். முதல் வளைவில் நின்றான். இரண்டாவது வளைவில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இன்னாண்ணா, இரும்பனுக்குத் துரு புடிச்சிடுச்சா?” என்றாள் அலமேலு. தலையில் பை அசையவில்லை.

“பேசாத. பேசுனா மூச்சு வாங்குது.”

பாஸ்கர் ஒரு பாறையில் உட்கார்ந்தே விட்டான். “நீங்க போங்க. நான் இங்கியே ஓட்டர் ஐடி மாத்திக்கிறேன்.”

நான் குறிப்பேட்டை எடுத்தேன். வினோத் எங்கெல்லாம் மூச்சு வாங்க நின்றான் என்று குறித்துக்கொண்டே வந்தேன். மொத்தம் ஒன்பது இடம். அலமேலு நின்றது இரண்டு இடம், இரண்டும் எங்களுக்காக. அந்த வீட்டு முற்றத்தை அடைய ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று.

அலமேலுவின் அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நாங்கள் வந்த வழியெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். “எதுத்தாப்ல இருக்கிற வூட்டுக்கு வர இம்மா நேரமா தம்பி?” என்று வினோத்தைக் கேட்டார். “கண்ணு சரியில்லையா, காலு சரியில்லையா?”

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டோம். வினோத் மூன்று முறை வாங்கிக்கொண்டான். பிறகு நான் ஆட்ட வரைபடத்தை முற்றத்தில் விரித்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

“இது எந்த ஊரும்மா?”

“மலைதாங்க.”

“மலையா?” அவர் தாளை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். “ஒரு தலகாணி ஒசரம்கூட இல்லியே.”

அலமேலு வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க எனக்கு விளங்கிற்று. தும்பியிடம் இருந்த திறமையை என் வரைபடம் முதல் நாளே செல்லாததாக்கிவிட்டிருந்தது. பிறகு அதே கையால் அவளுக்கு ஒரு காப்பு கொடுத்து, உதவி செய்ததாக நிறைவும் அடைந்திருக்கிறேன்.

மூச்சுக் கணக்கு

அந்த முற்றத்திலேயே புது விதியை எழுதினோம். எழுதியது நான், சொன்னது அவர்கள்.

இனிக் கட்டத்தை எண்ணக் கூடாது; மூச்சை எண்ண வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு மூச்சு. சமதளத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு மூச்சு. குதிரையில் போனால் அரை. சரிவென்றால் இரண்டு. பாதையில்லாச் சரிவென்றால் நான்கு. மலையில் நடந்து வளர்ந்தவர்களுக்கு அதில் பாதி.

“மலை ஏறும்போது பேசுனா ஒரு மூச்சு ஜாஸ்தின்னு போடுங்க” என்றாள் அலமேலு, பாஸ்கரைப் பார்த்துக்கொண்டே.

“லேகியம் செத்தான்” என்றான் பாஸ்கர்.

வினோத் நோட்டைத் தன் பக்கம் திருப்பி முதல் வரியிலிருந்து படித்தான். நான் அஞ்சியது அவனைப் பற்றித்தான். மூன்று மாதம் அவன் சேர்த்ததை நாம் சுற்றி வளைத்துப் பறிக்கிறோம் என்று தோன்றினால் அவனும் போய்விடுவான். போனால் அது நியாயமாகவும் இருக்கும்.

“அக்கா, இரும்பன் வலு எட்டு. அதுல ஒரு புள்ளிகூடக் கைய வைக்கக் கூடாது” என்றான்.

“வைக்க மாட்டேன்.”

“அப்ப இதையும் எழுதிக்கங்க. அவன் போட்டுக்கினு இருக்கறது கவசம். நான் வெறுஞ்சட்டையோட ஏறியே நாக்கு தள்ளிடுச்சி. கவசத்தோட ஏறுனா ரெண்டு மடங்கு மூச்சு.”

அலமேலு அவனைத் திரும்பிப் பார்த்தாள். தன் பாத்திரத்துக்குத் தானே பாரம் ஏற்றிக்கொள்ளும்படி அவனை யாரும் கேட்கவில்லை. அவன் ஏறிப் பார்த்ததைச் சொன்னான். நோட்டில் அந்த வரியை மட்டும் அவன் கையாலேயே எழுதச் சொன்னேன்.

அந்த ஒரு நாள்

கல்லூரி திறந்த பிறகு வந்த முதல் ஞாயிறு, பத்தேகாலுக்கு அலமேலு படியேறி வந்தாள். ஒரு நாள் ஆடுவேன் என்று சொல்லியிருந்தாளே, அந்த ஒரு நாள். காப்பைத் தன் தாளிலிருந்து அழித்துவிட்டு வந்திருந்தாள். அட்டை இல்லை. பகடைகள் மேசை நடுவில் ஒரு சில்வர் தட்டில் இருந்தன.

கதை இது. மலைமேல் உள்ள ஏரியின் கரை விரிசல் விட்டுக்கொண்டிருக்கிறது. இருட்டுவதற்குள் அடிவாரத்து ஊருக்குச் செய்தி போக வேண்டும். வண்டிப்பாதை மறுநாள்தான் கொண்டுசேர்க்கும். முகட்டைத் தாண்டினால் மூன்றே சுற்று.

தும்பி முன்னால் போனாள். வினோத் குதிரையை ஏரிக்கரையிலேயே கட்டிவிட்டான். இரும்பன் கவசத்தோடு பின்னால் ஊர்ந்தான். முதல் சுற்றின் முடிவில் தும்பி முகட்டுக்கு அருகில் வந்துவிட்டாள். அங்கே ஒரு வழுக்குப்பாறை. வேகத்தைச் சோதிக்க வேண்டும்.

அலமேலு உருட்டினாள். தட்டில் சத்தம் அடங்க வெகுநேரமாயிற்று. நான்கும் ஒன்றும். வேகத்தின் நான்கோடு சேர்த்து ஒன்பது.

ஒன்று குறைவு. ஒரே ஒரு புள்ளி.

மூன்று பேரும் பகடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். ‘விரல் நுனியில் பாறையைப் பற்றிக்கொண்டாள்’ என்று ஒரு வாக்கியம் என் நாக்கில் தயாராக இருந்தது. சொன்னால் கதை அழகாக நகரும். அலமேலு கடைசி முறையாக அந்தப் படிகளில் இறங்குவாள்.

“தும்பி சறுக்கிட்டா” என்றேன். “கணுக்கால் பெசகிடுச்சி. இனிமே சமதளம்னாலும் ஒரு கட்டத்துக்கு ஆறு மூச்சு.”

அலமேலு என் முகத்தையே பார்த்தாள். வேறெதுவும் சேர்த்துச் சொல்கிறேனா என்று காத்திருந்தாள். நான் சேர்க்கவில்லை. அவள் பேனாவை எடுத்து, தாளில் ‘கணுக்கால்’ என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

பிறகு வரைபடத்தின்மேல் குனிந்தாள்.

“வினோத்தண்ணா, அடுத்த சுத்துக்கு உங்களுக்குப் பன்னெண்டு மூச்சு இருக்குது, இல்ல?”

“இருக்குது. கவசத்தோட எம்மா தூரம் போவ முடியும்?”

“கழட்டுங்க.”

“கழட்டிட்டா எவனாச்சும் ஒரு கல்லு உட்டாலே இரும்பன் குளோசு.”

“கழட்டலன்னா கீழ இருக்கிற ஊரே குளோசு.”

வினோத் ரப்பரை எடுத்தான். முதல் நாளிலிருந்தே அந்தத் தாளில் தடித்த எழுத்தில் இருந்த சொல்லை அழித்தான். தூளை ஊதினான். “எந்தப் பக்கம் போறது?” என்று கேட்டான்.

அவள் விரலை வைத்துக் கட்டம் கட்டமாகச் சொன்னாள். இரண்டு இடங்களில் அவன் குறுக்கே போகப் பார்த்தான். “அங்க இல்லண்ணா. கிட்டத் தெரியும், எறங்கி ஏறணும்” என்று தடுத்தாள். அவன் மறுபேச்சில்லாமல் கேட்டான். எட்டு வலு உள்ளவன், ஒற்றைக் காலில் நின்றவள் சொன்ன வழியில், அவள் சொன்ன இடத்தில் நின்று, அவள் சொன்ன இடத்தில் திரும்பி நடந்தான். பாஸ்கர் லேகியத்தைத் தும்பியின் அருகே கொண்டுவந்து, “மொத தபாவா நெஜ மருந்த எடுக்கறான் என் ஆளு, குறிச்சிக்கங்க” என்று கணுக்காலுக்குக் கட்டுப்போட்டான்.

ஒரு மூச்சு மிச்சமிருக்க இரும்பன் ஊரை அடைந்தான். வீடுகள் போயின. ஆட்கள் பிழைத்தார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் செய்த உதவி என்று எதுவும் கிடையாது. பட்டம் வாங்கிய நாளிலும் நான் அவ்வளவு பெருமையாக உட்கார்ந்திருந்ததில்லை. யாருடைய புள்ளியும் கூடவில்லை, யாருடையதும் குறையவில்லை. மலை மட்டும் தன் உயரத்துக்கு நின்றது.

மூன்றே முக்காலுக்கு அலமேலு செருப்பு மாட்டிக்கொண்டாள். வருவாளா, மாட்டாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

“அக்கா, அடுத்த ஞாயித்துக்கெழம நான் கதை நடத்தறேன்” என்றாள். “நீங்க ஒரு ஆள எழுதிக்கினு வாங்க.”

என் ஆள்

அந்த நோட்டைக் கீழே ஜெராக்ஸ் கடையிலேயே படியெடுத்து இப்போது பல விடுதிகளில் ஆடுகிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் யாராவது ஒரு பக்கம் சேர்க்கிறார்கள். கடலோரப் பிள்ளைகள் சிலர் காற்றுக்கு ஒரு கணக்கு எழுதி அனுப்பியிருந்தார்கள். எனக்குப் பாதி புரியவில்லை, ஆனால் சரியாகத்தான் இருக்கும்.

நான் சொல்ல வந்தது அந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையை.

ஒரு வாரம் யோசித்து ஒரு பாத்திரத்தை எழுதிக்கொண்டு போனேன். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஒருத்தி. பேச்சில் நான்கு, அறிவில் நான்கு. மற்றவற்றில் ஒன்றுமில்லை. அலமேலு தாளை வாங்கி வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மலையில் தொடங்கினாள். என் ஆள் புத்தக மூட்டையோடு ஏறினாள். ஏறும்போது பேசிக்கொண்டும் வந்தாள். பன்னிரண்டு மூச்சும் பாதி ஏற்றத்திலேயே தீர்ந்துவிட்டது. மழை வருவதாக அலமேலு சொன்னாள்.

“அக்காவுக்கு ஒரு ரெண்டு மூச்சு போட்டுக் குடேன், பாவம்” என்றான் பாஸ்கர்.

“இன்னாத்துக்குப் பாவம்? அவங்க ஆடத்தான வந்திருக்காங்க” என்றாள் அலமேலு.

பிறகு இரண்டு முழங்கைகளையும் மேசைமேல் ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“மழை புடிச்சிடுச்சி. மூட்டை நனையுது. இன்னா பண்றாங்க உங்க ஆளு?”

நான் யோசித்தேன். மூன்று பேரும் காத்திருந்தார்கள்.